'ங்க' இல்லாமல் ஒரு வார்த்தை

ஸ்டெல்லா மேடம் இறந்த செய்தி பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவின் போனுக்குத்தான் முதலில் வந்தது. நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அக்கா வாசலில் நின்றபடியே என் அம்மாவிடம், "ராஜாமணி, நம்ம கவுன்சிலர் மேடம் போயிட்டாங்களாம். தூக்கத்துலயே நெஞ்சு வலியாம். கம்பைநல்லூர்ல அவங்க வூட்லதான் வெச்சிருக்காங்க. சாயங்காலம் அடக்கமாம்" என்றார். அம்மா அடுப்பை அணைத்தார். பிறகு கேட்டார்.

"கம்பைநல்லூருக்கு பஸ் எத்தன மணிக்குங்க?"

மேடத்தையும் என் அம்மாவையும் அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் மதிப்பு புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் அம்மா ஒகேனக்கல்லில் ஒரு கடையில் மீன் வறுக்கும் வேலை பார்த்தவர். போன மழைக்காலத்தில் ஒரு மாலை, வேலை முடிந்து இண்டூர் திரும்பும்போது, அவர் வந்த வேன் மலைப்பாதை வளைவில் கவிழ்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அம்மாவுக்குத் தோளில் அடி. தோள் ஆறிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அம்மா எந்த வண்டியிலும் ஏறவில்லை. வேலை போயிற்று. தர்மபுரிக்குக்கூடப் போக முடியாமல் ஊருக்குள்ளேயே இருந்தார். "காயந்தான் ஆறிடுச்சே, அப்புறம் என்ன?" என்று எல்லோரும் கேட்டார்கள்.

அப்போதுதான் மல்லிகா அக்கா, "வியாழக்கிழமை தையல்கடை மாடிக்கு ஒரு கவுன்சிலர் வராங்க, போய்ப் பாரு" என்றார். அம்மா அதை வார்டு கவுன்சிலர் என்று நினைத்துக்கொண்டார்! என்னையும் துணைக்கு அழைத்துப் போய், எங்கள் தெருவிளக்கு எரியாததைப் பற்றி மூச்சுவிடாமல் முறையிட்டார். மேடம் குறுக்கிடாமல் கடைசிவரை கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே, "நான் அந்தக் கவுன்சிலர் இல்லீங்க. மனசுக்கு அடிபட்டவங்ககிட்டப் பேசற கவுன்சிலர். இருந்தாலும் கேக்கறேன், அந்த இருட்டுல நடந்து வர்றப்ப உங்க ஒடம்பு எப்படிங்க இருக்குது?" என்றார்.

அம்மா யோசித்தார். அப்படி யாரும் அவரைக் கேட்டதில்லை. "வண்டி சத்தம் கேட்டா பயமா இருக்குதுங்க."

"அந்தப் பயம் எங்கங்க இருக்குது?"

"பென்னாகரம் தாண்டிங்க. வேன் கவுந்த வளைவுல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடம் சிரிக்கவில்லை. "சரிங்க. அங்கிருந்து இப்ப உங்க ஒடம்புல எங்க வந்து உக்காந்திருக்குது?" என்றார். அம்மா மெல்ல வலது காலைத் தொட்டுக் காட்டினார். அப்போதுதான் நானும் பார்த்தேன். அவருடைய வலது பாதம் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

"கால் என்னங்க செய்யப் பாக்குது?"

"பிரேக்க மிதிக்குதுங்க" என்று சொன்ன அம்மாவே திகைத்துப்போனார். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர் என் அம்மா!

பயம் என்றால் தலைக்குள் இருக்கும் ஒன்று என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது ஒரு பாதத்தில் ஒளிந்திருந்ததை அன்று கண்ணால் பார்த்தேன்.

அதன்பின் ஒவ்வொரு வியாழனும் போனோம். "நாற்காலிய எங்க போடட்டுங்க? பக்கத்துலயா, தள்ளியா?" என்று கேட்காமல் மேடம் உட்கார்ந்ததே இல்லை. விபத்தின் முழுக் கதையையும் அவர் ஒருநாளும் கேட்கவில்லை. "கதை அப்புறம். இப்ப ஒடம்பு என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்பார். சுவரில் தலையணையை வைத்து, மிதிக்க நினைத்த காலால் அதை மெதுவாக மிதிக்கச் சொல்வார். கால் நடுங்கும். அம்மா கூச்சப்பட்டால், "நடுங்கட்டுங்க. அன்னிக்கு அதுக்கு நேரம் கெடைக்கல" என்பார்.

ஒருநாள் விபத்தைப் பற்றி அம்மாவே சொன்னார். வேனை ஓட்டியவர் கடை முதலாளியின் மச்சான். கிளம்பியதிலிருந்தே வேகம். நிறுத்தச் சொல்ல வாய்வரை வந்தும் முதலாளி வீட்டு ஆள் என்று அம்மா விழுங்கிவிட்டார்.

"இப்ப சொல்லுங்க" என்றார் மேடம்.

"நிறுத்துங்க" என்றார் அம்மா. எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"'ங்க' போடாம."

"அதெப்படிங்க, பெரியவங்கள..."

"வண்டி கவுந்துடப்போகுதுங்க ராஜாமணி! மரியாதைய அப்புறம் குடுக்கலாம்!"

"நிறுத்து...ங்க."

மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த 'ங்க'வை அம்மாவால் அன்று கடைசிவரை விட முடியவில்லை.

மேடம் இறப்பதற்கு முந்தைய வாரம் இண்டூர் பஸ் நிறுத்தத்தில், நின்றிருந்த பஸ்ஸில் மேடத்துடன் அம்மா ஏறினார். இன்ஜின் உறுமியதும் இறங்கி ஓடிவந்துவிட்டார். மேடம் பின்னாலேயே இறங்கி வந்து, "நல்லதுங்க. எறங்க முடியும்னு ஒடம்புக்குத் தெரிஞ்சிடுச்சில்ல? அடுத்த வாரம் தர்மபுரி வரைக்கும் போய்ப் பாப்போம்" என்றார். அந்த அடுத்த வாரத்துக்குள் அவர் போய்விட்டார்.

ஆகவே செய்தி வந்த அன்று நாங்கள் இருவர் மட்டும் பஸ்ஸில் ஏறினோம். இன்ஜின் உறுமியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், ஆனால் எழவில்லை. தர்மபுரி வரும் முன் இன்னொரு பஸ் எங்களை முந்த, டிரைவர் அதைத் துரத்தத் தொடங்கினார். ஒரு வளைவு. அம்மாவின் வலது கால் தரையை மிதித்தது. என் விரல்கள் நசுங்கின. போச்சு, இறங்கிவிடுவார் என்று நினைத்தேன்.

"நிறுத்து!"

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. டிரைவர் பதறி ஓரங்கட்டினார். கண்டக்டர் ஓடிவந்தார். "என்னக்கா, எறங்கணுமா?"

"எறங்கல" என்றார் அம்மா. "மெதுவா போகச் சொல்லு."

அம்மா ஒரு மூச்சு இழுத்து விட்டார்.

"...ங்க."

பின்சீட்டில் ஒரு பெரியவர், "இந்தம்மாவ தெனமும் இந்த வண்டியில ஏத்துப்பா!" என்றார். பஸ்ஸே சிரித்தது. துக்கத்துக்குப் போகிறோம் என்பதை மறந்து நானும் சிரித்தேன். பஸ் மெதுவாகப் போனது.

கம்பைநல்லூரில் மேடம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார். அம்மா குனிந்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல, "வந்துட்டேங்க மேடம். பஸ்லதாங்க வந்தேன்" என்றார்.

ஒகேனக்கல் மலைப்பாதை இன்னும் மீதி இருக்கிறது. எப்போது போவது என்று அம்மா சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. மேடத்தின் போட்டோ ஒன்றுகூட என்னிடம் இல்லை. நான் வைத்திருப்பது அந்த பஸ்ஸில், 'நிறுத்து'வுக்கும் 'ங்க'வுக்கும் நடுவே, அம்மா விட்ட அந்த ஒரு மூச்சைத்தான். அப்போது அவருடைய தோள்கள் இறங்கியதையும், கால் மிதிப்பதை விட்டதையும் நான் பார்த்தேன். எங்கே பார்க்க வேண்டும் என்று மேடம்தான் காட்டியிருந்தார்.