வலியில்லாமல் திறந்த கருப்பைவாய்

முதலில் வந்தது ஈரம்தான். வலி இல்லை.

வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பது என் வேலை. மழைக்காலத்தில் அங்கே இடுப்புக்குக் கீழே யாரும் காய்ந்து இருப்பதில்லை. செடியைத் தொட்டால் தண்ணீர் கொட்டும். பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டினாலும் பாவாடை நனையும். உள்ளேயிருந்து கசிந்ததையும் செடித் தண்ணீர் என்றே நினைத்தேன். அப்போது ஐந்தாம் மாதம். முதல் பிள்ளை.

அடிவயிறு கனத்தது. பக்கத்துச் செடியில் காய் எடுத்த லூர்து அக்காவிடம் சொன்னேன்.

"ஏ புள்ள, அஞ்சு மாசத்துல கனக்காம பஞ்சு மாதிரியா இருக்கும்? எனக்கு நாலும் இந்தக் காட்டுலதான் கனத்துச்சு" என்றார். சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குக் காய்ந்த சேலை கட்டிப் போனேன். மழையும் இல்லை. பூசை முடியுமுன் சேலை நனைந்தது. அப்போதுதான் பயம் வந்தது. கணவர் சவரி ஜீப் பிடித்தார். மலை இறங்கித் தேனிக்குப் போனோம்.

கருப்பைவாய் (கருப்பையின் அடியில் இருக்கும் கழுத்து) திறந்துவிட்டது என்றார் மருத்துவர். பனிக்குடம் (பிள்ளையைச் சுற்றியுள்ள நீர்ப்பை) அதன் வழியே இறங்கியிருந்தது. இனி நிறுத்த வழியில்லை என்றார்.

அன்றே பிறந்தாள். கொஞ்ச நேரம் வாய் அசைந்தது. ஞானஸ்நானம் கொடுக்கச் சாமியார் வரும்வரை தாங்காது என்று தெரிந்தது. சவரி நர்ஸிடம் தண்ணீர் வாங்கி அவரே நெற்றியில் ஊற்றிப் பெயர் சொன்னார். பிறகு வாய் அசையவில்லை.

அடுத்த நாள் மருத்துவர் என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"மூக்கு நுனியத் தொட்டுப் பாரும்மா. கெட்டியா இருக்குல்ல? கருப்பைவாயும் அப்படித்தான் மூடி இருக்கணும். பிரசவம் நெருங்குறப்பத்தான் உதடு மாதிரி இளகும், சுருங்கும், திறக்கும். உனக்கு வலியே இல்லாம முன்னாடியே இளகிருச்சு."

"நான் வேல செஞ்சதாலயா?"

"அப்படிச் சொல்ல முடியாது. சிலருக்கு அதோட அமைப்பே அப்படி. அடுத்த தடவ நாள் தள்ளுனதும் வந்துரு. தையல் போட்டுப் பாப்போம்."

"போட்டா தங்குமா?"

"சத்தியம் பண்ண மாட்டேன்மா."

மறுபடி உண்டானேன். நாலாம் மாதம் தொடங்கும்போது தையல் போட்டார்கள் (கருப்பைவாயைச் சுற்றி நூல் கோத்து இறுக்குவது). இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி. வலிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கஷ்டம். தும்மல் வந்தால் பயம். சிரித்தால் பயம். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) அறையில் படுத்துக் கிடந்தேன். சவரி சமைத்தார். உப்பு ஒருநாளும் சரியாக இல்லை. அப்படியே தின்றேன்.

ஸ்கேனில் அந்தக் கழுத்தின் நீளத்தைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வந்தது. ஏழாம் மாதத்தில் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தார்கள். எட்டாம் மாதம் வலி வந்தது. தையலை வெட்டினார்கள். பையன். கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டு போனார்கள்.

சவரி போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"அழுறான்" என்றார்.

பிழைத்தான்.

தோட்டத்தில் வேலை செய்யும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குச் சொல்கிறேன். வலி வரட்டும் என்று இருக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் காய்ந்த துணி மாற்றிப் பாருங்கள். அது நனைந்தாலோ, அடியில் அழுத்தினாலோ அன்றே போங்கள்.

பையன் நடக்கிறான். நான் மறுபடி காய் எடுக்கிறேன். மற்றவர்கள் செடியைச் சுற்றிக் காலை அகட்டிக் குந்துவார்கள். எனக்கு அது வரவில்லை. தொடையைச் சேர்த்து முட்டி போட்டு எடுக்கிறேன்.

"இங்கயும் செபமாடி? காயப் பறி" என்கிறார் லூர்து அக்கா.

இனி எப்படியும் உட்காரலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உட்கார்ந்தும் பார்த்தேன். எனக்கு ஐந்தாம் மாதம் இன்னும் முடியவில்லை. தொடைகள் தானாகச் சேர்ந்துகொள்கின்றன.