சந்தேகம் எப்போதும் புதிய இழை மேல்தான்

"நம்ம வீட்டுல யாரும் படிக்காத படிப்பு. தப்பு பண்ணா யாருகிட்டம்மா போய்க் கேப்பே?"

சிங்கப்பூரின் தேக்கா மார்க்கெட்டில் மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே தாய்மாமா கேட்டது இது. எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்த நேரம். எங்கள் குடும்பத்தில் அந்தப் படியேறிய முதல் ஆள் நான்.

"நானே கண்டுபிடிச்சுக்குவேன் மாமா!"

என்ன திமிர், பாருங்கள்.

இந்த வாரம் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பாக்டீரியாவில் வளர்த்தெடுத்த டிஎன்ஏவை ஒரு நொதியால் வெட்ட வேண்டும். நொதி இங்கே கத்தரிக்கோல் மாதிரி... குறிப்பிட்ட எழுத்து வரிசையைக் கண்டால் மட்டுமே வெட்டும். என்னுடையதை வெட்டவில்லை. மறுபடி செய்தேன். ம்ஹூம்!

அதே குப்பி நொதி, பக்கத்து மேசை சீனியர் கோபியின் டிஎன்ஏவை அழகாக வெட்டியது.

"நொதி ஓகே லா. உனக்குத்தான் கைராசி இல்ல. சொட்டு எடுக்குற பைப்பெட்ட கரண்டி மாதிரி பிடிச்சா எப்படி?"

சிரித்து வைத்தேன். வெள்ளி மதியக் கூட்டத்தில் வெட்டிக் காட்டாவிட்டால், ஆய்வில் என் பகுதியைக் கோபியிடம் கொடுத்துவிடுவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார்.

வீட்டுக்குப் போக டோபி காட் நிலையத்தில் ரயிலேறி, நொதியின் விவரக் குறிப்பைக் கைபேசியில் வரி வரியாகப் படித்தேன். உட்லண்ட்ஸில் இறங்க வேண்டியவள், நிமிர்ந்து பார்த்தால் நாலு நிலையம் தாண்டி, சுவா சூ காங்!

பரவாயில்லை. விஷயம் கிடைத்துவிட்டது.

பாக்டீரியா தன் டிஎன்ஏவைப் பிரதி எடுத்ததும், புதிய இழையில் சில இடங்களில் மீத்தைல் என்ற சின்ன ரசாயன அடையாளத்தை ஒட்டும். பழைய இழையில் அது ஏற்கெனவே இருக்கும். இடைப்பட்ட அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பிழைதிருத்தம். இரண்டு இழைகளும் ஒத்துப்போகவில்லையா? அடையாளம் இல்லாத புதியதுதான் தப்பு என்று முடிவுகட்டி, அதை வெட்டித் திருத்தும்.

ஆய்வுக்கூடத்திலும் அப்படித்தானே? ஏதாவது ஒத்துப்போகவில்லை என்றால், புதிதாக வந்தவளின் கைதான் சரியில்லை!

என் டிஎன்ஏவில், நொதி வெட்ட வேண்டிய இடத்தின் மேலேயே அந்த அடையாளம் உட்கார்ந்திருக்கிறது. கத்தரி நுழைய வழியில்லை. கோபியின் டிஎன்ஏவில் பக்கத்து எழுத்துகள் வேறு என்பதால் அந்த இடம் காலி. கைராசியாவது, கரண்டியாவது!

அப்படித்தான் நம்புகிறேன்... அதுவும் தவறாக இருந்தால்?

அடையாளம் ஒட்டத் தெரியாத பாக்டீரியா வகை ஒன்று இருக்கிறது. என் டிஎன்ஏவை அதற்குள் ஏற்றி வளர்த்தால், அடையாளம் இல்லாமல் வெறுமையாகக் கிடைக்கும். ஆனால், வெளி டிஎன்ஏவை ஏற்றினால் அது தட்டில் அவ்வளவு எளிதில் முளைக்காது என்கிறார்கள். நாளை, வியாழனன்று முளைத்தால்தான் வெள்ளி காலையில் வெட்டிப் பார்க்க முடியும்.

"முளைக்கலன்னா?" என்றான் கோபி, இன்று ஆய்வுக்கூடத்தில். இந்த முறை கிண்டல் இல்லை.

அந்தப் பாக்டீரியாவைப் பூசிய தட்டை இன்குபேட்டர் வெப்பப் பெட்டியில் வைத்துவிட்டேன் — மூடியில் என் பெயரைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதி.