பேரளியில் ஏறுகிறவரின் பத்துப் படங்கள்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு நான் தினமும் போகிற ஏழே முக்கால் பஸ்ஸில் எங்கள் மூன்று பேருக்கும் சினிமாதான் பேச்சு. நான் அரியலூரில் கணக்கு டீச்சர். என்னோடு பெரம்பலூரிலேயே ஏறுகிறவள் அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். இருபத்தாறு வயது. எந்தப் படம் வந்தாலும் முதல் வாரத்துக்குள் பார்த்துவிடுவாள். மூன்றாவது ஆள் பேரளியில் ஏறுவார். பத்திர எழுத்தர். அரியலூரில் பத்திர ஆபீஸுக்கு எதிரே ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு முப்பது வருஷமாகக் கிரயப் பத்திரமும் பாகப் பத்திரமும் எழுதுகிறவர். நான் அவரை அண்ணே என்பேன். அவருக்கு நான் டீச்சர்.

ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் ஆளுக்குப் பத்துப் படம் பட்டியல் போடுவோம். போன டிசம்பரில் நர்ஸ் ஒரு யோசனை சொன்னாள். ஒரு வருஷத்துக்கு மட்டும் போட்டால் சப்பென்று இருக்கிறது, இந்தத் தடவை கடைசி ஐந்து வருஷத்துக்கும் சேர்த்துப் போடலாம் என்றாள். மூன்று பேரும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டோம். நான் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற நேரத்தில்கூட ஓரமாக ஒரு தாளில் படங்களை எழுதி அடித்துக்கொண்டிருந்தேன்.

என் முதலிடம் ஒரு உப்பளப் படம். தம்பியைத் தேடி ஒரு லாரி டிரைவர் ராத்திரி முழுக்க உப்பளத்துக்குள் அலைகிற கதை. மொத்தமாகப் பத்து வசனம் இருந்தால் அதிகம். ஓடியதே ஒரு வாரம்தான். அண்ணனுக்கு முதலிடம், ஒரு கூட்டுக் குடும்பம் சொத்துக்கு அடித்துக்கொள்கிற படம். ஆரம்பம் முதல் கடைசி வரை எல்லோரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். அது கேவலமான படம் இல்லை. ஆனால் முதலிடமா?

ஒரு திங்கட்கிழமை காலையில் பட்டியல்களைச் சத்தமாகப் படித்தோம். பஸ்ஸில் நல்ல கூட்டம். முன்னால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்ததால் நாங்களும் ஊர்ந்தோம். என் உப்பளப் படம் அண்ணனுடைய பத்தில் இல்லவே இல்லை.

"ஏண்ணே, பத்தாவதாக்கூடவா வைக்க முடியல?" என்றேன்.

"என்னா இருக்கு டீச்சர் அதுல? ரெண்டு மணி நேரம் ஒரே இருட்டு. எவன் வரான், எவன் போறான்னே தெரியல. கரண்டு போன வூட்டுல உக்காந்த மாதிரி இருந்துச்சு."

"அந்த இருட்டுலதாண்ணே படமே இருக்கு."

"இருந்துட்டுப் போவட்டும். எனக்குத் தெரியல."

அதோடு விட்டிருக்கலாம். பின்சீட்டில் இருந்த இரண்டு பேர் சிரித்ததில் எனக்கு உற்சாகம் கூடிவிட்டது. வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னேன்: "அது கண்ணு இருக்குறவங்க பாக்குற படம்ணே. உங்களுக்கெல்லாம் ரேடியோ போதும்."

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்தார். அண்ணனும் சிரிக்கிற மாதிரி உதட்டை அசைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும்போது கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலால் படியைத் துழாவி, மெதுவாக இறங்கினார். பின்னால் நின்றவர்கள் "சீக்கிரம் எறங்குங்க பெரியவரே" என்றார்கள். அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

மறுநாள் பேரளியில் அவர் ஏறவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. எங்கள் மூன்று பேருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் நர்ஸ் போட்ட எதற்கும் அவரிடமிருந்து பதில் இல்லை. நான் போன் செய்தால் சுவிட்ச் ஆஃப். ஒரு வாரம் போயிற்று. பேரளி வரும்போதெல்லாம் நான் குனிந்து வெளியே பார்ப்பேன். பையைத் தூக்கிக்கொண்டு யார் யாரோ ஏறுவார்கள். பக்கத்தில் பிடித்து வைத்த இடத்தை வேறு யாருக்காவது விட்டுக்கொடுப்பேன்.

"கோவமாத்தான் இருப்பாருக்கா," என்றாள் நர்ஸ். "அத்தனை பேரு முன்னால சொல்லிட்டீங்களே."

"வெளையாட்டுக்குத்தானடி சொன்னேன்."

"உங்களுக்கு வெளையாட்டு."

அவள் சொன்னது சரிதான். அறுபதை நெருங்குகிற மனிதரை, அதுவும் என்னிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தாதவரை, ஒரு சினிமாவுக்காகக் கூட்டத்தில் அவமானப்படுத்திவிட்டேன். அந்த வாரம் முழுக்க வகுப்பில் பிள்ளைகள் தப்பாகக் கணக்குப் போட்டால்கூட அதட்ட வாய் வரவில்லை.

இரண்டாவது வாரம் மதிய இடைவேளையில் பத்திர ஆபீஸ் பக்கம் போனேன். அவருடைய மேசை சுவரோரம் கவிழ்த்துப் போடப்பட்டிருந்தது. பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்தவரிடம் விசாரித்தேன்.

"அவரு மக வூட்டுக்குப் போயிட்டாருங்க, திருமானூருக்கு. கண்ணு ஆபரேஷன்."

"கண்ணா? என்ன ஆச்சு?"

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா? மூணு நாலு வருஷமாவே கண்ணு மங்கிக்கிட்டே வந்துச்சுங்க. யாருகிட்டயும் சொல்லிக்கல. போன மாசம் ஒரு பத்திரத்துல சர்வே நம்பர்ல எட்டைப் போயி மூணுன்னு எழுதிட்டாரு. நல்லவேளை, பதியறதுக்கு முன்னாலயே பார்ட்டி பாத்துட்டாங்க. அன்னியிலேருந்து மனுசன் பயந்துட்டாரு."

கண்ணு இருக்குறவங்க பாக்குற படம். நான் சொன்னது எனக்கே காதில் கேட்டது. பள்ளிக்கூடம் வரைக்கும் எப்படி நடந்து வந்தேன் என்று தெரியவில்லை.

அன்று மாலை பஸ்ஸில் அவருடைய பத்துப் படத்தையும் திரும்ப நினைத்துப் பார்த்தேன். கோர்ட்டில் நடக்கிற படம், வாய் ஓயாத நகைச்சுவைப் படம் இரண்டு, சொத்துத் தகராறு, பாட்டுக்காகவே ஓடிய ஒன்று. பத்தும் காதால் பார்க்கக்கூடிய படங்கள். கணக்கு டீச்சர் நான். பத்து உதாரணம் கண்ணெதிரே இருந்தும் விடை தெரியாமல் இருந்திருக்கிறேன்.

பக்கத்து மேசைக்காரரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் நர்ஸும் திருமானூருக்குப் போனோம். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். எதுவும் சரியாக வரவில்லை. கரும்பு வயலை ஒட்டிய தெருவில் அவருடைய மகளின் வீடு. வாசலிலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் கேட்டைத் திறப்பதற்குள் அவரே எழுந்துவிட்டார். "அட, டீச்சரு! வாங்க, வாங்க. பச்சைப் பொடவையில வந்துருக்கீங்க. கேட்டுகிட்ட வரும்போதே தெரிஞ்சுட்டுதே!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்கண்ணே," என்றேன்.

"எதுக்கு?"

"பஸ்ஸுல சொன்னதுக்கு."

அவர் கையை ஆட்டினார். "கோவம் வந்துச்சுதான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா டீச்சர், எனக்கு சுகர் இருக்குல்ல? சுகரு கண்ணைத் தின்னுடுச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நானா முடிவு பண்ணி வச்சிருந்தேன். டாக்டருகிட்ட போனா அதையே சொல்லிடுவாரோன்னு பயம். அதான் போவல. தொழிலே கண்ணுதானே? அன்னிக்கு நீங்க அப்படிச் சொன்னதும், இதுக்கு மேல மறைக்க முடியாதுன்னு ஆயிடுச்சு. எறங்குன உடனே மகளுக்குப் போன் போட்டுட்டேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு சார்?" என்றாள் நர்ஸ்.

"வெறும் புரையாம்மா. நல்லா முத்திப் போயிருக்கு, எடுத்துட்டா சரியாயிடும்னாரு. சுகரால உள்ள பெருசா ஒண்ணும் கெடலையாம். இந்தக் கண்ணு முடிஞ்சுது. அடுத்தது தை கழிச்சு."

மகள் காபி கொண்டு வந்து வைத்தாள். "ஆபரேஷன் முடிஞ்சு வந்த அன்னிக்கு, சுவத்துக்கு எப்பம்மா நீலம் அடிச்சேன்னு கேக்கறாருங்க. அடிச்சு மூணு வருஷம் ஆவுது. போனை நான்தான் பிடுங்கி வச்சிருக்கேன். கொடுத்தா படம் பாக்க ஆரம்பிச்சுடுவாரு," என்று சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அந்த வீட்டில் மூன்று தோசை சாப்பிட்டேன். அந்த வாரத்தில் எனக்குப் பிடித்துச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான்.

இரண்டாவது கண்ணும் முடிந்து மாசியில் ஒரு காலை, பஸ் பேரளியில் நின்றபோது அவர் ஏறினார். கம்பியை ஒரு கையால் பிடித்து, படியைப் பார்க்காமலே ஏறினார். உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"டீச்சர், உங்க உப்பளப் படத்தைப் பாத்துட்டேன். மக வூட்டு டிவியில, ரெண்டு தடவை."

"எப்படிண்ணே?"

"லாரிக்குள்ள, கண்ணாடிக்கு முன்னால மடிச்சு ஒரு பேப்பர் கெடக்கே, அதைப் பாத்தீங்களா?"

நான் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தவள். "எந்தப் பேப்பர்?"

"முத்திரைத்தாளு டீச்சர்! தம்பி பங்கை அண்ணங்காரன் ஏற்கெனவே எழுதி வாங்கிட்டான். அதாலதான் தம்பி வூட்டை வுட்டுப் போயிருக்கான். அண்ணன் பாசத்துல தேடல, குத்தம் பண்ணிட்டுத் தேடறான். வசனத்துல ஒரு எடத்துலயும் சொல்லலை. கண்ணு இருக்குறவங்க பாக்குற படந்தான்."

நர்ஸ் சத்தம் போட்டுச் சிரித்தாள். நான் உடனே போனை எடுத்து அந்தக் காட்சியைத் தேடினேன். ஜன்னல் வெளிச்சம் பட்டுத் திரையில் எதுவும் தெரியவில்லை. புடவைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். இருந்தது. நான்காக மடித்து, ஓரத்தில் முத்திரை தெரிய.

"அப்ப உங்க லிஸ்டுல எத்தனாவது சார்?" என்று நர்ஸ் கேட்டாள்.

அவர் விரல் விட்டு எண்ணினார். "நாலு."

"நாலா? முத்திரைத்தாளைக் கண்டுபிடிச்ச மனுசன் நாலுன்னு சொல்றதா?" என்றேன்.

"பின்ன? சொத்துத் தகராறு படந்தான் இன்னமும் மொத எடம். அதையும் திரும்பப் பாத்தேன். முன்னைவிட நல்லாயிருக்கு."

"அது அநியாயம்ணே," என்று நான் ஆரம்பித்தேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அரியலூர் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.