மாமா கேட்ட கவுண்டி

ஐந்தாம் வகுப்பில் எங்கள் ரீச்சர் ஒரு தொப்பிக்குள் பேர் எழுதிய துண்டுகளைப் போட்டுக் குலுக்கினார். ஒன்ராறியோவின் கவுண்டிகள், நம்மவர் மாவட்டம் என்று சொல்வதைப் போன்றவை, ஆளுக்கொன்று வரும். அதன் நிலம், சரித்திரம், சனங்கள் பற்றி ஒரு புரஜெக்ட் செய்யவேண்டும். நயாகராப் பக்கம் கிடைத்தவர்கள் துள்ளிக் குதித்தார்கள். எனக்குக் கிடைத்ததை வகுப்பில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. ரீச்சரே மேப்பில் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டுத்தான் விரலை வைத்தார்.

நாங்கள் அப்போது ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், ஹோலில் படுக்கும் மாமா. மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. கனடா வந்து அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினார். லிஃப்டில் வருகிற வெள்ளைக்காரர்களோடு கதைப்பதற்கென்று வானிலை பற்றி ஒரேயொரு வசனம் பாடமாக்கி வைத்திருந்தார். கொளுத்துகிற ஜூலை மாதத்திலும் குளிர் எப்படியென்று விசாரிப்பார். அவர்கள் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். அந்த மாரியில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. மாமாவுக்குப் பேப்பர் சரிவரவில்லை என்று அம்மா சொன்னார். எனக்குப் பேப்பர் என்றால் பேப்பர்தான்.

ஒருநாள் பின்னேரம் லைபிரரிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, எழுத ஒன்றுமில்லை என்று சிணுங்கிக்கொண்டிருந்தேன். மாமா பக்கத்தில் வந்து இருந்தார்.

“என்ன இடம் உது? வாசி பாப்பம்.”

வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். நிலம் முழுக்கச் சுண்ணாம்புக் கல், மேலே ஒரு சாண் மண்தான். நடுவில் ஒரு ஆறு, தெற்கே பெரிய சதுப்பு. முதலில் அங்கே இருந்தது பூர்வகுடிச் சனங்கள். அவர்களைத் துரத்திவிட்டு அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் குடியேறினார்கள். அவர்கள் கல்லைப் பொறுக்கி வேலி கட்டி, மாடு வளர்த்து, சீஸ் செய்தார்கள். பிறகு சீஸ் ஆலைகள் மூடப்பட்டன. தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் ரொறன்ரோவுக்கு வந்துவிட்டார்கள்.

“அப்ப வீடுகள்?” என்றார் மாமா.

“சும்மா கிடக்காம். கதவு ஜன்னல் பூட்டினபடி.”

மாமா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். இங்கிலிஷ் எழுத்து அவருக்கு ஓடாது, படங்களைப் பார்த்தார். அன்றிலிருந்து என் புரஜெக்டில் என்னைவிட அவருக்குத்தான் அக்கறை. வேலை முடிந்து சோப் மணக்க வந்து, சாப்பிடவும் முன்னம், “இண்டைக்கு என்ன வாசிச்சனீ?” என்பார். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் எவ்வளவு தூரம், ஆறு உறையுமோ, காட்டில் விறகு இருக்கோ, பஸ் எதுவரைக்கும் போகும் என்று கேட்பார். ரீச்சர் கேட்காத கேள்விகள். எல்லாவற்றையும் எழுதினேன். கவுண்டி மேப்பை ஒரு பெரிய மட்டையில் மாமாதான் கீறித் தந்தார். ஆறு, ரோட்டு, சேர்ச் எல்லாம் அச்சொட்டாக இருந்தது. வகுப்பில் என்னுடையதுதான் திறமான புரஜெக்ட் என்றார் ரீச்சர். வீட்டுக்கு ஓடிவந்து சொன்னபோது மாமா என் தலையைத் தடவிவிட்டு, “உனக்கும் எனக்கும் அந்த இடம் இப்ப நல்லாத் தெரியும்,” என்றார்.

அவரைத் திருப்பி அனுப்புவதற்கு நாள் குறித்திருந்தது எனக்குத் தெரியாது. அந்த நாளுக்கு முன்னமே ஒரு விடியப்புறம் வேலைக்கென்று வெளிக்கிட்டவர் திரும்பி வரவில்லை. இரண்டு அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். அம்மா தெரியாது என்றார். அது உண்மை. என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

மாசிக் குளிரில் பிடிபட்டார். அந்தக் கவுண்டியில் ஒரு பாழடைந்த பண்ணை வீட்டுக்குள் இருந்திருக்கிறார். சனம் குறைந்த இடத்தில் தன்னை ஒருவரும் காணமாட்டார்கள் என்று நினைத்துவிட்டார். சனம் குறைந்த இடத்தில்தான் எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்பது புத்தகத்தில் இல்லை. கனகாலம் ஆளில்லாத வீட்டில் புகை வருவதை வயலுக்கு அப்பால் இருந்த ஒரு கிழவி கண்டிருக்கிறா. யாரோ பாவப்பட்டது விறைத்துச் சாகப்போகுது என்று பயந்து, உதவிக்கு ஆள் கேட்டுப் போன் பண்ணியிருக்கிறா. வந்தது பொலிஸ்.

ரெக்ஸ்டேல் பக்கம் இருந்த தடுப்பு நிலையத்துக்கு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமா. குளிரில் விறைத்துக் காதின் நுனி கறுத்திருந்தது.

“அக்கா, அந்த மனிசி நல்ல மனிசி,” என்றார். “பொலிஸ் வாறதுக்கு முதல் தானே நடந்து வந்து கம்பளியும் தேத்தண்ணியும் தந்தவ. பிறகு என்னைப் பொலிஸ் காரில ஏத்தேக்க நிண்டு அழுதவ.”

அம்மாவும் அழுதார். நல்ல மனிசி என்கிறாரே, பிறகென்ன என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த கிழமை பிளேன் ஏற்றினார்கள். கொழும்பில் இறங்கிவிட்டதாக விமான நிலையத்திலிருந்து மாமாவின் போன் வந்தது. யாரோ வந்து கதைக்கவேண்டும் என்று கூப்பிடுகிறார்கள், முடித்துவிட்டுத் திரும்பப் போன் எடுக்கிறேன் என்றாராம்.

அதன் பிறகு எங்கள் போன் அடிக்கும்போதெல்லாம் அம்மா குசினியிலிருந்து ஓடிவருவார். மாமா எடுக்கும்போது லைன் பிசியாக இருந்துவிடக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார். சிநேகிதிகளோடு கதைப்பதை நிறுத்தினேன். பனி கரைந்தது, பள்ளிக்கூட விடுமுறையும் வந்தது. அப்பா தெரிந்தவர்களையெல்லாம் பிடித்து விசாரித்துக் களைத்துப்போனார். ஒருநாள் நான் ஜன்னலடியில் சும்மா இருந்தபோது அம்மா போனைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

“கதை பிள்ளை. விரும்பின நேரம் கதை. இனி ஒருத்தரும் எடுக்கமாட்டினம்.”

எனக்கு அன்றைக்குச் சரியான சந்தோஷம். பொழுது படும் வரைக்கும் கதைத்தேன்.