சரிவில் பார்த்த பெற்றோல் முள்

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு மாபிள் குண்டை வைத்தால் அது கேற்றைத் தாண்டி ரோட்டில் போய்த்தான் நிற்கும். மாத்தளையில் மலைப்பக்கமாக வீடு கட்டிய எல்லோருக்கும் இதே கதைதான். பழைய கார் வைத்திருப்பவனுக்கு இந்தச் சரிவு பெரிய உபகாரம். பெற்றரி செத்தாலும் கவலை இல்லை. காரின் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பி, முன்சில்லுக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்து நிறுத்தி வைப்போம். புறப்படும்போது கல்லை எடுத்துவிட்டு பிரேக்கைத் தளர்த்தினால் கார் தானாக உருளும். கேற்றடிக்கு வரும்போது கிளச்சை விட்டால் எஞ்சின் இருமிக்கொண்டு பிடித்துவிடும்.

கல்லை எடுப்பது என் மனைவியின் வேலை. எடுத்து மதிலோரம் வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் ஏறி உட்காருவாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகவே அந்த வேலையை எடுத்துக்கொண்டாள்.

அது என்னை விட நாலைந்து வயது மூத்த இங்கிலாந்துக் கார். கறுவா, மிளகு, கராம்பு வாங்கி விற்கும் கடையை மகனிடம் ஒப்படைத்த பிறகு ஆசைக்கு வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்தே அதன் பெற்றோல் முள் அடியில் படுத்துக் கிடந்தது. பெற்றோல் தாங்கி நிறைந்திருந்தாலும் அடி, வற்றியிருந்தாலும் அடி. நான் மனக்கணக்கில் ஓட்டினேன். வாழ்நாள் முழுக்கக் கடையில் கணக்குப் போட்டவனுக்கு இதெல்லாம் ஒரு காரியமா என்ற திமிர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கலேவெலையில் இருக்கும் மகள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். வஹகோட்டைக் கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் என் கணக்குப் பிழைத்துவிட்டது. கார் இரண்டு முறை விக்கிவிட்டு நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. மகள் வீட்டில் சம்பந்தி வீட்டாரும் வந்து காத்துக்கொண்டிருந்தார்கள். மனைவி என்னை நன்றாக ஏசியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவளோ கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள், பின்னால் வந்த கலேவெல பஸ்ஸுக்குக் கையைக் காட்டினாள், ஏறிப் போய்விட்டாள். நான் பெற்றோல் தேடி அலைந்து பின்னேரம் போய்ச் சேர்ந்தபோது புரியாணிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்துதான் வாயைத் திறந்தாள்.

“அந்த முள்ளு எழும்புற வரைக்கும் நான் இந்தக் கார்ல ஏற மாட்டேன். சொல்லிட்டேன்.”

சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு நானே கல்லை எடுத்தேன். அதற்கடுத்த ஞாயிறும் நானேதான். மகள் வீட்டுக்கு அவள் பஸ்ஸில் போனாள், நான் காரில் போனேன். இரண்டு பேரும் ஒரே வாசலில் வேறு வேறு நேரத்தில் போய் இறங்குவதைப் பார்த்து மருமகன் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், அவள் பக்கத்தில் இல்லாமல் அந்தக் காரை ஓட்டுவதில் எனக்கு ருசியே இல்லாமல் போயிற்று. யார் வீட்டு மதிலுக்கு என்ன நிறம் பூசியிருக்கிறார்கள், எந்தத் தோட்டத்தில் பலா காய்த்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருவாள். அந்தப் பேச்சு இல்லாமல் ரோட்டு நீண்டுகொண்டே போனது. எப்படியாவது முள்ளை எழுப்பி அவளைத் திரும்ப ஏற்றிவிட வேண்டும் என்று முடிவுகட்டினேன்.

கராஜுக்குக் கொண்டுபோக ரோசம் விடவில்லை. மனைவியின் தம்பியைக் கூப்பிட்டேன். மச்சான் அலுவிகாரையில் சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கிறான். சைக்கிளில் பெற்றோல் தாங்கி கிடையாது என்பதை அவன் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. வந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காரின் பின்பக்கமாகப் போய்ப் படுத்துவிட்டான்.

தாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. கொய்யாக்காய் அளவில் ஒரு பித்தளைக் குமிழ், அதைப் பிடித்தபடி ஒரு கம்பி. பெற்றோல் ஏறினால் குமிழ் ஏறும், இறங்கினால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் முன்னால் இருக்கும் முள் நமக்குச் சொல்கிறது. குமிழைக் கழற்றிக் காதருகே குலுக்கினோம். உள்ளே களக் களக் என்றது.

“மச்சான், இது முங்கிப் போய்க் கெடக்குது. எங்கயோ ஓட்டை ஈக்குது” என்றான் அவன்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க, மனைவியின் நல்ல சட்டி ஒன்றை அடுக்களையிலிருந்து கேட்காமலே எடுத்து வந்து, சுடுதண்ணீர் ஊற்றிக் குமிழை அமுக்கினோம். ஊசி முனையளவு இடத்திலிருந்து கொப்புளங்கள் வரிசையாகக் கிளம்பின. அவ்வளவு நாளும் என்னைப் படுத்திய பாடு இந்தத் துளிக்கண்ணால்தானா என்று பார்த்தபோது எனக்குக் கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. குமிழுக்குள் இருந்ததை வடித்து, வெயிலில் நாட்கணக்காகக் காயவிட்டு, ஓட்டையை ஈயத்தால் அடைத்தோம். துருப்பிடித்திருந்த வயரையும் சுரண்டிச் சுத்தமாக்கினோம். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிப் பார்த்தால், முள் எழும்பியது.

ஆனால் போதுமான அளவு எழும்பவில்லை. பெற்றோல் கானால் அளந்து அளந்து அரைத்தாங்கி ஊற்றியிருந்தோம். முள்ளோ கால் பங்குக்குக் கீழேயே நின்றுவிட்டது.

“கம்பியைக் கொஞ்சம் மேல வளைப்போம்” என்றான் மச்சான்.

வளைத்தோம். பூட்டினோம். போதாது. கழற்றினோம், இன்னும் வளைத்தோம். முற்றத்தில், கல் முட்டுக்கொடுத்த காருக்கு அடியில் நானும் மச்சானுமாக மாறி மாறிப் படுத்து எழும்பினோம். உடம்பெல்லாம் பெற்றோல் வாடை. கடைசியில் அரைத்தாங்கிக்கு முள் மிகச் சரியாக நடுவில் வந்து நின்றபோது மச்சான் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள்.

“எழும்பிட்டா?”

“எழும்பிட்டு. பாரு.”

“அப்ப ஞாயித்துக்கெழமை வாறேன். என்ட சட்டியக் கழுவி வைங்க.”

அந்த வாரம் முழுக்க டவுனுக்கும் வீட்டுக்குமாகக் காரை ஓட்டித் திரிந்தேன். வேலை ஒன்றும் இல்லை, முள்ளைப் பார்க்கத்தான் போனேன். ரோட்டில் அது இன்னும் எழும்பி நின்றபோது பெருமைதான் பட்டேன். ஞாயிறு வந்தது. மகள் கேட்டாள் என்று மனைவி கண்ணாடிச் சட்டி நிறையக் கோழி ஆணம் ஆக்கியிருந்தாள். தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பாக ஆக்கினால் எங்களுக்கு அது ஆணம். சுடச்சுட மூடி, மேலே வெள்ளைத் துணி சுற்றிக் கட்டி, முன்னிருக்கைக்குக் கீழே கால் வைக்கும் இடத்தில் வைத்தாள். பிறகு காஸை அடைத்தோமா, பின்கதவைப் பூட்டினோமா என்று வீட்டைச் சுற்றிவரப் போய்விட்டாள். அவள் ஒரு முறை சுற்றி வருவதற்குள் ஆணம் ஆறிவிடும். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தேன். ஒருவழியாக வந்தாள். குனிந்து கல்லை எடுத்தாள், மதிலோரம் வைத்தாள், கையைத் தட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். எனக்குள் ஏதோ சரியான இடத்தில் வந்து பொருந்தியது போல இருந்தது.

முற்றத்தில் முள் அடியை ஒட்டி நின்றது. போகும் வழியில் பெற்றோல் செட்டில் நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் டவுன் ரோட்டுக்கு வந்ததும் முள் மெல்ல எழுந்து கால் பங்கைத் தாண்டிவிட்டது. பெற்றோல் செட்டில் வரிசை நின்றது.

“போட்டுட்டே போவோமே” என்றாள்.

“தேவையில்ல. முள்ளைப் பாரு.”

“ஊட்டு வாசல்ல கீழ கெடந்திச்சே?”

“இப்பதான் குணமாகி ஈக்குது. நித்திரை விட்டு எழும்பக் கொஞ்ச நேரம் எடுக்கும்.”

இப்படி ஒரு காரணத்தை நான் எங்கிருந்து பிடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்த முள்ளை அவள் முன்னால் சந்தேகிக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான். அவளும் அதற்கு மேல் பேசாமல் பலா மரங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு ஓட்டியது இன்றைக்கும் எனக்கு நினைவில் நிற்கிற சந்தோஷம்.

வஹகோட்டையைத் தாண்டி, ரோட்டு சமதரையாக ஓடும் இடத்தில் கார் இரண்டு முறை விக்கியது. ஓரங்கட்டுவதற்குள் நின்றுவிட்டது. முன்பு நின்ற அதே மதில், அதே மாமரம். முள் மட்டும் கால் பங்கில் கம்பீரமாக நின்றது.

நான் மீற்றரைக் கையால் ஓங்கித் தட்டினேன். முள் அசையவில்லை. மச்சானுக்குப் போன் எடுத்து, அவன் குற்றமே போலக் கத்தி, கானில் பெற்றோல் கொண்டுவரச் சொன்னேன். அதன் பிறகு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளோ குனிந்து ஆணச்சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிந்திவிட்டதா என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

“இங்க கொஞ்சம் பாருங்க. இந்தக் கோட்டைப் பாருங்க.”

சட்டிக் கண்ணாடியின் உள்பக்கத்தில் தேங்காய்ப்பால் எண்ணெய் ஆறி ஒட்டிய மஞ்சள் கோடு ஒன்று இருந்தது. அது முன்பக்கம் உயர்ந்தும் பின்பக்கம் தாழ்ந்தும் சாய்வாக ஓடியது. ஆணமோ இப்போது நேராக நின்றது.

“நம்ம வாசல்ல நிக்கக்குள்ள ஆணமெல்லாம் முன்னுக்கு வந்து நின்டிருக்கு. இங்க வந்து நேராகிட்டு. பெற்றோல் டேங்கும் சட்டிதானே?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மிதவை தாங்கியின் பின்மூலையில் இருக்கிறது. முற்றத்துச் சரிவில் பெற்றோல் முன்னால் ஓடிவிட, பாவம் மிதவை குறைவாகக் காட்டியது. நாங்கள் கம்பியை வளைத்து அந்தச் சரிவுக்குப் பொருத்திவிட்டோம். சமதரைக்கு வந்ததும் அது இல்லாத பெற்றோலை இருப்பதாகக் காட்டியது. ஓட்டையை அடைத்த அன்றைக்கே முள் சரியாகத்தான் இருந்திருக்கிறது. சரியாக இருந்ததை வளைத்துக் கெடுத்தது நாங்கள்தான்.

“கடையில தராசு வைக்கிறண்டா அடியில மட்டைத் துண்டு வெச்சு நேராக்குவீங்க தானே?” என்றாள்.

அவள் ஏசவில்லை, சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகொரு நாள் சமதரையில் காரை நிறுத்தி, அந்தக் கம்பியை நானும் மச்சானும் பழையபடி நிமிர்த்தினோம். முள் இன்றுவரை பொய் சொல்லவில்லை.

ஆனால் அன்று சிரிப்பு அடங்குவதற்குள் பின்னாலிருந்து ஹோர்ன் சத்தம் கேட்டது. கலேவெல பஸ். நின்று கிடக்கும் காரைக் கண்டு, கேட்காமலே வேகத்தைக் குறைத்தது. கொண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு, “கலேவெல, கலேவெல, நகின்ன அக்கே” என்று சிங்களத்தில் அவளை ஏறச் சொல்லிக் கையைக் காட்டினான். என் கண் தானாக அவள் மடியில் இருந்த கைப்பைக்குப் போனது. போகட்டும், பாவம், மகள் காத்துக்கொண்டிருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அவள் கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி, போகச் சொல்லி ஆட்டினாள்.

“யன்ன மல்லி, யன்ன.”

பஸ் போய்விட்டது. புழுதி அடங்கியது.

“ஏன் போகல்ல?” என்றேன்.

“ஆணம் சிந்திரும்” என்று சொல்லிவிட்டு, கைப்பையைப் பின்னிருக்கையில் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

நான் குனிந்து சட்டியைப் பார்த்தேன். மாத்தளையிலிருந்து அவ்வளவு வளைவையும் கடந்து வந்த பிறகும், மூடிக்கு மேல் அவள் இறுக்கிக் கட்டியிருந்த வெள்ளைத் துணியில் ஒரு துளிக் கறை இல்லை.