சுவர் வளைந்த இடம்

அந்தக் கடலோர நடைபாதைக்கு நீளம் ஒன்றரை மைல். ஒரு முனையில் மணிக்கூண்டு, மறு முனையில் கலங்கரை விளக்கம். மணிக்கூண்டுக் கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கி ஓடும். அதைச் சரிசெய்ய வந்தவர்கள் எல்லாம் தங்கள் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு போனார்களே தவிர, வேறொன்றும் நடக்கவில்லை. நடுவில் வாத்தியக் குழு வாசிக்கும் மேடை உண்டு. காசு போட்டால் தூரத்துக் கப்பலைக் காட்டும் தொலைநோக்கி உண்டு. கடலுக்குள் பாதி தூரம் போய், போதுமென்று நின்றுவிட்ட இரும்புப் பாலமும் உண்டு. இத்தனையையும் ஒன்றரை மணி நேரத்தில் சுற்றிக் காட்டி, கால்வலி தெரியாமல் கதை சொல்லி அனுப்புவது ஒரு பெண்மணியின் வேலை. நகராட்சி கொடுத்த அட்டையில் ‘வழிகாட்டி’ என்று போட்டிருக்கும். ஐஸ்கிரீம் வண்டிக்காரரில் தொடங்கி அங்கே பிழைக்கிற எல்லோருக்கும் அவள் கதைக்காரி.

பேர் சும்மா வரவில்லை. முதலில் இங்கே வெறும் மண்பாதைதான் இருந்தது, ஒரு புயல் அதையும் வாரிக்கொண்டு போனது, பிறகுதான் கருங்கல் சுவர் எழுப்பி மேலே நடைபாதை போட்டார்கள் என்று அவள் சொன்னால், கேட்கிறவர்கள் தங்கள் செருப்பு நனைந்துவிட்டதா என்று ஒருமுறை குனிந்து பார்ப்பார்கள். அவ்வளவு வாய். அந்த வாயால்தான் வம்பும் வந்தது.

கலங்கரை விளக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓரிடத்தில் சுவர் நேராகப் போகாமல், கடல் பக்கமாக ஒரு முழம் பிதுங்கி, மறுபடி உள்ளே வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி, “இங்க மட்டும் ஏன் வளைஞ்சிருக்கு?” என்று கேட்டாள். அடுத்த நொடியே கதைக்காரி, சுவரைக் கட்டிய எஞ்சினியரின் மனைவி தினமும் அங்கே உட்கார்ந்து கடலைப் பார்ப்பாள், அவளுக்காகவே அவர் சுவரை வளைத்துக் கட்டினார் என்று ஒரு போடு போட்டாள். அந்த எஞ்சினியருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பொய்க்குக் காலும் இருந்தது, ஓடவும் செய்தது. வருகிற தம்பதிகள் எல்லாம் அந்த வளைவில் தோளோடு தோள் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பூ விற்பவர் தன் கூடையை அங்கேயே மாற்றிக்கொண்டார். பன்னிரண்டு வருடத்தில் அது காதல் வளைவு ஆகிவிட்டது.

உண்மை அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்தச் சுவரைக் கட்டிய மேஸ்திரிகளில் ஒருவர் அவளுடைய அப்பா. சுவர் கோணாமல் போக, இரண்டு பக்கமும் முளை அடித்து நூல் கட்டி, நூலை ஒட்டிக் கல் வைப்பார்கள். அன்று அவர் நூலின் ஒரு முனையைக் கட்டிவிட்டு மறு முனைக்குப் போனபோது, மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, உடனே வா என்று வீட்டிலிருந்து ஆள் வந்தது. அங்கே இரண்டு முளைகள் இருந்தன. ஒன்று சுவருக்கு. இன்னொன்று ஒரு முழம் தள்ளி, அஸ்திவாரம் தோண்ட அடித்தது. கை எதில் கட்டியதென்று கண் பார்க்கவில்லை. கட்டினார், ஓடினார். மூன்று மைல்.

ஆட்கள் நல்ல ஆட்கள். மேஸ்திரி கட்டிய நூல் தப்பாக இருக்காது என்று மாலைவரை அதை ஒட்டியே கல் வைத்தார்கள். மறுநாள் அவர் திரும்பி வந்தபோது, நாற்பது அடியில் சுவர் ஒரு முழம் கடலைப் பார்த்துப் போயிருந்தது. சிமெண்ட் இறுகிவிட்டது. எஞ்சினியர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அடுத்த நாற்பது அடியில் அதை மெல்ல உள்ளே கொண்டுவந்து, வேண்டுமென்றே வளைத்தது போல ஆக்கச் சொன்னார். மேஸ்திரியை அன்றே போகச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் கட்டியதெல்லாம் அடுப்படிச் சுவரும் குளியலறைச் சுவரும்தான்.

இதைச் சொன்னது அம்மா, மகள் இந்த வேலைக்குச் சேரும் முன்பே, தான் சாவதற்கு முந்தைய வருடம், சிரித்துக்கொண்டே. அப்பா ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. நாற்பத்தாறு வருடமாக அவர் கடலோரம் நடந்ததும் இல்லை. மருத்துவமனைக்குப் போவதென்றாலும் பின் தெரு வழியாகத்தான் போவார். அப்பாவின் மானத்தை மூடி வைக்கத்தான் கதைக்காரி அந்த எஞ்சினியருக்கு ஒரு மனைவியைத் தேடிக் கொடுத்தாள்.

இப்போது நகராட்சி அந்த இடத்தில் எஃகுப் பலகை வைக்க முடிவு செய்தது. அதில் காதல் கதை. அதிகாரி வாசகத்தைத் தட்டச்சு செய்து, பிழை இருந்தால் பார்த்துச் சொல்லும்படி அவள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். வாங்கி வைத்தது அப்பா.

மாலையில் அவள் வீட்டுக்கு வந்தபோது, மேசைமேல் அவருக்கு ஊற்றி வைத்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. தாள் அவர் மடியில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார்.

“இதெல்லாம் நீ சொன்னதாம்மா?”

அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். யாரும் உங்களைக் கைகாட்டிப் பேசக் கூடாதென்றுதான் அப்படிச் செய்தேன் என்றாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

“அந்தச் சுவர்ல நான் வெச்ச கல்லு ஆயிரம் இருக்கும்மா,” என்றார். “எது என்னுதுன்னு எனக்கே தெரியாது. அந்த வளைவு ஒண்ணுதான் நான் செஞ்சதுன்னு தெரியும். வெட்கமா இருக்கு, இல்லேங்கல. ஆனா அது என் வெட்கம். அதைத் தூக்கி அந்த எஞ்சினியரோட இல்லாத பொண்டாட்டிக்குக் கொடுத்துட்டியே.”

மூடி வைப்பதாக நினைத்து அவருடையதைப் பிடுங்கிக்கொண்டோமே என்று அவள், அம்மா போன அன்றைக்கு அழுதது போல அழுதாள்.

காலையில் முதல் வேலையாக அதிகாரியிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் பலகை அடிக்கிற இடத்தில் மறுநாள் வேலை தொடங்க வேண்டும். நன்றாகப் போகிற கதையை ஏன் கெடுக்கிறீர்கள் என்றார். ஜனங்கள் காதலைப் பார்க்க வருவார்கள், தப்பைப் பார்க்க யார் வருவார்கள் என்றும் கேட்டார். கடைசியில், இன்றைய கூட்டத்தோடு நானும் நடந்து வருகிறேன், சொல்லிப் பாருங்கள், எடுபட்டால் மாற்றலாம் என்று இறங்கி வந்தார்.

கூட்டத்தில் இருபது பேர். மணிக்கூண்டு, மேடை, தொலைநோக்கி எல்லாம் ஆயிற்று. வளைவுக்கு வந்ததும் இரண்டு ஜோடிகள் கேமராவை எடுத்தன. கதைக்காரி வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றாள். எதிரே, பின் தெருவிலிருந்து வரும் சந்தின் வாயில், ஒரு வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்பா நிற்பதைப் பார்த்தாள். வரச் சொன்னது அவள் இல்லை.

அன்று அவள் சொன்ன விதத்தைப் பார்த்தால் அவளைக் கதைக்காரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குரல் ஏறவில்லை, கை ஆடவில்லை. இங்கே காதலும் இல்லை கத்தரிக்காயும் இல்லை என்றாள். ஒரு மேஸ்திரி நூலைத் தப்பான முளையில் கட்டிவிட்டு ஓடினார், அதனால்தான் சுவர் வளைந்தது என்றாள். பன்னிரண்டு வருடமாக நான் பொய் சொன்னேன் என்பதையும் சேர்த்தே சொன்னாள். யாரோ ஒருவர் சிரித்தார். ஒரு ஜோடி கேமராவை மூடியது. அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் மட்டும், “ஏன் ஓடினாரு?” என்று கேட்டாள்.

“அன்னைக்குத்தான் நான் பொறந்தேன்,” என்றாள் கதைக்காரி. “அம்மாவும் நானும் பொழைக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்களாம்.”

சிரித்தவர் சிரிப்பை நிறுத்தினார். குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிய அந்தப் பெண், அந்த ஒரு தப்புக்காக அவருடைய வேலையே போயிருக்குமே, பாவம், ஓடாமல் ஒரு நிமிடம் நின்று பார்த்திருக்கலாமே என்றாள்.

அப்பா அதற்குள் சாலையைக் கடந்து வந்துவிட்டார். கூட்டம் வழிவிட்டது. சுவரின் மேல் கையை வைத்து, இரண்டு கல்லுக்கு நடுவே இருந்த பூச்சை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அது உதிரவில்லை.

“நூலை மாத்திக் கட்டினது தப்புதான்,” என்றார் அந்தப் பெண்ணிடம். “ஓடினது தப்பில்லம்மா.”

அதிகாரி பலகை வாசகம் இருந்த தாளை விரித்து, சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். கலங்கரை விளக்கத்தின் கதை அன்று யாருக்கும் கிடைக்கவில்லை. கதைக்காரி அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்; கூட்டம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மீதி வழியைத் தானாகவே நடந்து போயிற்று.