ஆற்றுக்கு வண்டியில் போன மணல்

புதிதாக உருக்கி ஊற்றிய குங்கிலியத்தின் மணம்தான் முதலில் வந்தது. படகு அதற்குப் பிறகே கண்ணில் பட்டது. ரம்புத்தான் மரங்களின் நிழலில், ஆற்றைப் பார்த்தபடி, உருளைக் கட்டைகளின் மேல் அது சற்றே சாய்ந்து கிடந்தது. பலகை இடுக்குகளில் அடைத்திருந்த குங்கிலியம் காலை வெயிலில் தேன்நிறமாக மினுங்கியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, மலாயாவின் சிகாமட்டில் நாங்கள் குடும்பத்தோடு போய் எடுத்துவந்த "சம்பான்" அது.

எங்கள் மளிகைக்கடையும் வீடும் ஆற்றின் ஒரு கரையில். உம்மாவின் தங்கை கதீஜா சாச்சியின் வீடு சற்றுக் கீழே, மறுகரையில். சாச்சி துணி காயப்போடுவது எங்கள் கொல்லையிலிருந்தே தெரியும். ஆனால் ஆள் ஏற்றிப்போன படகு முந்தின வருட வெள்ளத்தோடு போய்விட்டது. பாலம் வழியாகச் சுற்றினால் ரப்பர்த் தோட்டங்களுக்குள் அரைநாள் நடை. சாச்சிக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது உம்மா காய்ச்சலில் படுத்திருந்தாள். பிறகும் பிள்ளையைப் போய்ப் பார்க்க வழி அமையவில்லை. இரு கரைகளிலும் நின்று இருவரும் கத்திப் பேசிக்கொள்வார்கள். பிள்ளை அழும் சத்தம் மட்டும் தண்ணீரைத் தாண்டி வரும்.

நாங்கள் சம்பான் எடுக்கப் போன அன்று சாச்சிக்குப் பிள்ளை பெற்ற நாற்பதாம் நாள், "நாற்பது குளிப்பு". உச்சிப்பொழுதுக்கு முன் தலைக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும். ஊற்றவேண்டிய தாய் கடலுக்கு அப்பால் நாகூர்ப் பக்கம் இருந்தாள். தாய் இடத்தில் நிற்க உம்மா ஒருத்திதான். "நான் வந்து ஊத்துறேன், அதுவரைக்கும் யாரையும் ஊத்த விடாதே" என்று முந்தின மாலையே அக்கரைக்குக் குரல் கொடுத்திருந்தாள்.

விடிந்ததும் வாப்பா மாட்டுவண்டியில் முதலில் ஏற்றியது எங்களை அல்ல, மணல் மூட்டைகளை. வாப்பாவின் தகப்பனார் பாய்மரக் கப்பலில் போனவர். கடல் தோணிக்கு அடியில் பாரம் வைப்பதை வாப்பா சிறுவயதில் பார்த்திருக்கிறார். பாரமில்லாத தோணி புரண்டுவிடும் என்பது அவர் எண்ணம்.

"ஆத்துக்கு மணலை வண்டியில ஏத்திக்கிட்டுப் போற ஆளு உலகத்துலயே உங்க வாப்பா ஒருத்தர்தான்" என்று உம்மா எங்களிடம் சொன்னாள்.

"கப்பக்காரன் மவன் நான். அடிபாரம் இல்லாம பிள்ளைங்கள ஏத்துவேனா?" என்றார் வாப்பா.

ஆற்றின் மேல்பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், சம்பானைக் கட்டியவர் பாக் மான் என்ற மலாய்க்காரர். மூட்டைகளைக் கண்டு, "அலமாக், தவுக்கே! மணல் யாவாரம் தொடங்கியாச்சா?" என்று வாப்பாவை முதலாளியாக்கி மலாயில் கேட்டுச் சிரித்தார். அவர் மனைவி மஞ்சள் போட்ட புளுட் என்ற பசையரிசிச் சோற்றில் ஒரு பிடி எடுத்துப் படகின் மூக்கில் வைத்தாள். ஒரு பிடி ஆற்றுக்கும் போட்டாள். வாப்பா பாத்திஹா ஓதினார். எல்லோருமாகத் தள்ள, உருளைகள் முனக, சம்பான் சேற்றில் வழுக்கித் தண்ணீரில் இறங்கி, திடீரென்று எடையே இல்லாததுபோல் மிதந்தது. வாப்பா உடனே மூட்டைகளை உள்ளே அடுக்கினார்.

அந்தப் பயணத்தை இன்றும் தூக்கத்தின் விளிம்பில் காண்கிறேன். வாப்பா பின்னால் துடுப்புப் போட்டார். உம்மா முன்பலகையில், மடியில் வேப்பிலையும் மஞ்சளும் வைத்த தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். தம்பியும் நானும் நடுவில். இரு கரை மரங்களும் மேலே சேர்ந்த இடத்தில் ஆறு பச்சை இருட்டாகிவிட்டது. தேநீர் நிறத் தண்ணீரில் இலைகள் எங்களோடு கூடவே வந்தன. கரைதான் நகர்கிறது, நாங்கள் நிற்கிறோம் என்று தோன்றியது.

கடைசியில் உண்மையாகவே நின்றுவிட்டோம். மழையில்லாத மாதம், சாச்சி வீட்டுக்கு நேர் எதிரே, ஆற்று நடுவில் மணல்திட்டு மேலெழுந்திருந்தது. எங்கள் கரைப் பக்கம்தான் ஆழம்; திட்டிலிருந்து சாச்சி கரைக்கு முழங்கால் தண்ணீர். சம்பானின் அடி அதில் அமர்ந்துகொண்டது. வாப்பா துடுப்பை ஊன்றித் தள்ளியும் அசையவில்லை.

"கொஞ்சம் மணலைக் கொட்டுங்களேன்."

"அடிபாரத்தைக் கொட்டுறதா? நீ சும்மா இரு. தண்ணி ஏறும்."

"தண்ணி ஏறுறதுக்குள்ள எந் தங்கச்சி மவனுக்கு நிக்காஹ் ஆயிடும்."

அக்கரையில் சாச்சி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்று அக்காவைக் கூப்பிட்டாள். "லாத்தா! உச்சி ஆவப் போவுது!"

உம்மா சூரியனைப் பார்த்தாள், வாப்பாவைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றித் தூக்குச்சட்டியின் மேல் வைத்து, சேலையை முழங்காலுக்குச் செருகி, ஆற்றில் இறங்கிவிட்டாள். ஆண்கள் எதிரே கணுக்கால்கூடத் தெரியவிடாத உம்மா.

அவள் இறங்கியதும் சம்பான் பெருமூச்சு விட்டதுபோல் எழும்பி, பக்கவாட்டில் திரும்பி, எங்களைச் சுமந்துகொண்டு கீழே போகத் தொடங்கியது.

"வாப்பா, போவுது!" என்று தம்பி கத்தினான்.

முழங்கால் தண்ணீரில் நின்ற உம்மா திரும்பிப் பார்த்தாள். "அப்போ பாரம் நான்தானா?"

"நான் சொல்லல? அடிபாரம் இல்லாட்டி நிலைக்காது!" வாப்பா சுழலும் சம்பானிலிருந்து கத்தினார். உம்மா சிரித்த சிரிப்பில் தூக்குச்சட்டி ஆடியது. வளைவில் நாங்கள் கரை ஒதுங்கி, நடந்து திரும்பியபோது சாச்சியின் கூந்தல் ஈரமாக இருந்தது; பிள்ளை உம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு அந்த மூட்டைகளை வாப்பா ஏற்றவில்லை. உம்மா நினைத்தபோதெல்லாம் அக்கரை போனாள், அதே முன்பலகையில். பல வருடங்கள் கழித்து உம்மா இறந்தபின், வாப்பா தனியாகத் துடுப்புப் போட்டால் படகின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். ஒருநாள் அவர் கரையில் குனிந்து ஒரு சாக்கில் மணல் அள்ளி, முன்பலகையில் வைத்ததைப் பார்த்தேன்.

சம்பான் இன்னொரு வெள்ளத்தில் போயிற்று. ரம்புத்தான் மரங்கள் நின்ற இடத்தில் இப்போது சாலை. சாச்சி வீட்டுக்குப் புதிய பாலத்தில் நடந்தே போய்விடலாம். போனால் பார்க்கத்தான் அங்கே யாருமில்லை. மழையில்லாத மாதங்களில் பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்ப்பேன். திட்டு இருந்த இடத்தில் தண்ணீர் ஆழமாக, ஒரே சீராக ஓடுகிறது.